வில்லங்கம் பார்த்தது

வெஸ்ட் ஆலிஸ், மில்வாக்கிக்கு மேற்கே.
மனை பதினான்கு, பிளாக் மூன்று.
வெள்ளிக்கிழமை கிரயம்.
அதற்குள் நூற்றிச் சொச்சம் வருடத்தை
நான் புரட்டி முடிக்க வேண்டும்.
வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி.

முதல் பத்திரம் 1904.
ஓஸ்டர்லே என்ற தோட்டக்காரர்
முட்டைக்கோஸ் விளைந்த நிலத்தைக் கீறி விற்றிருக்கிறார்.
வாங்கியது வாலென்டி கபின்ஸ்கி, வார்ப்படப் பட்டறை ஆள்.
விலை: ஒரு டாலரும் பிற தகுந்த பிரதிபலனும்.
பின்னால் வரும் எல்லாக் கிரயத்திலும்
இதே ஒரு டாலர்தான்.
உண்மை விலை அக்கம்பக்கத்துக்குத் தெரியாமலிருக்க
வக்கீல்கள் கண்ட வழி.

நான்கு அறை, ஒரே தளம், பைன் பலகை.
1909இல் ஓர் அனுமதித் தாள்:
'வீட்டை ஐந்தடி உயர்த்த.'
வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்வார்கள்;
தூக்கிப் பார் என்று எவரும் சொன்னதில்லை.
இருபத்திரண்டு திருகு ஜாக்கிகள்,
விசில் ஊதினால் எல்லோரும் கால் சுற்று,
மறுபடி விசில், மறுபடி கால் சுற்று.
அடியில் செங்கல் எழுப்பி, பாதி மண்ணுக்குள்
இன்னொரு குடித்தனம்.
சொந்தக்காரர்கள் கீழே இறங்கிக்கொண்டார்கள்;
வெளிச்சம் வாடகைக்குப் போயிற்று.

தாளின் ஓரத்தில் ஆய்வாளர் பென்சிலால்:
'மனைவி ரொசாலியா உள்ளே இருக்கிறார்.
அடுப்பில் சூப். இறங்க மறுக்கிறார்.'

அந்த ஒரு வரிக்காக
மதியச் சாப்பாட்டை மறந்தேன்.

1933, ஏலம். உரிமையாளர்: வங்கி.
ஏழாம் மாதம் அந்த வங்கியும் மூடிற்று.
தண்ணீர் அலுவலகப் பேரேட்டில் மட்டும்
அந்த ஏழு மாதமும் வரவு விழுந்திருக்கிறது,
ர. கபின்ஸ்கா, எழுபது சென்ட், எழுபது சென்ட்.

அடுத்து லுட்விக் ஸூப்பான், ஸ்லோவேனியர்.
அனுமதியில்லாமல் கராஜ் கட்டினார்;
அபராதம் கட்டியதால்தான் கராஜே தெரிகிறது.
ரொசாலியா 1946 வரை கீழ்த்தளத்தில்,
இப்போது வாடகைக்கு.
ஸூப்பானின் மகன்கள் பேச்சுவார்த்தையற்றவர்கள்.
ஆளுக்குப் பாதி,
மாடிப்படி பொது என்று கோர்ட்டுத் தீர்ப்பு.
பிறகு அலுமினியத் தகடு, பிறகு கூரை,
1996இல் பா ஹூவா லோர், மொங் குடும்பம்,
கராஜுக்குள் இரண்டாவது சமையலறை.

இவ்வளவுதான் என்று கட்டி வைத்தேன்.
'பலவகை' என்ற தொகுதியைத்
திறக்காமல் விட்டிருக்கலாம்.

1927. தெருக்காரர்கள் கூடிப் போட்ட ஒப்பந்தம்.
வெள்ளையர் அல்லாத எவரும்
வேலையாளாக அன்றி
இம்மனைகளில் குடியிருக்கலாகாது,
வாரிசுகளையும் இது கட்டுப்படுத்தும்.
பதின்மூன்று கையெழுத்து.
எட்டாவது, ஒரு பெருக்கல் குறி.
பக்கத்தில் எழுத்தர்: ரொசாலியா கபின்ஸ்கா, அவரது கைக்குறி.

அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று
ஒரு நிமிடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்.
சூப்பை விட்டு இறங்கத் தெரியாதவளுக்கு
மாட்டேன் என்று சொல்லவா தெரியாது?

சட்டப்படி அந்த வரி என்றைக்கோ செத்துவிட்டது.
இருக்கிறதே தெரியாமல்
லோர் வீட்டார் இருபத்தேழு வருடம் அதை மீறியிருக்கிறார்கள்.
மை மட்டும் மங்கவில்லை, நல்ல மை.

வாங்குகிறவர் லவீனியா பெட்வே,
டயாலிசிஸ் நர்ஸ், இரவுப் பணி.
அறிக்கையில் 'வில்லங்கம் ஏதுமில்லை' என்று அடித்தேன்.
அடித்துவிட்டு ஒப்பந்தத்தை நகலெடுத்து இணைத்தேன்.
பென்சில் வரியையும் இணைத்தேன்,
அதற்குக் கூலி கிடையாது.

இன்று காலை போன் செய்தார்.
'எல்லாம் படித்தேன்' என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பின்னால் ஆஸ்பத்திரி ஒலிபெருக்கி யாரையோ கூப்பிட்டது.
'கீழ்த்தளத்தில் ஈரம் இறங்குமா?'

தெரியவில்லை என்றேன்.
நான் காகிதம் மட்டும் பார்க்கிற ஆள்.
ஈரத்தைப் பற்றி
எந்தப் பத்திரத்திலும் இல்லை.